முற்றுகைச் செப்புத்தகட்டுப் படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியின் 1693 டச்சு முற்றுகை, 1748 ஆங்கிலேயர் முற்றுகை பற்றி மாணவர்களுக்கான கண்காட்சி தயாராகிறது. பக்கத்தில் 17-ம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்ப் படங்களையும் வைக்கப்போகிறோம். பலவற்றில் முன்னால் மேட்டில் குதிரைவீரர்கள், பின்னால் வரைபடம்போல விரிந்த கோட்டை. ஒரே படத்தில் இரண்டு பார்வை ஏன்? எதைச் சான்றாக எடுப்பது?

தேவனாம்பட்டினம்:
சார், அது தெரிந்தே செய்த ஒட்டு. மேல்பாதிக்கு ராணுவப் பொறியாளர் அளந்த பிளான்தான் ஆதாரம். அகழி, வளைந்து நெளியும் பதுங்குகுழி, பீரங்கி மேடை ஆகியவற்றை அங்கே தேடுங்கள். கீழே வரும் தளபதி, நாய், மூட்டை சுமப்பவர்கள் எல்லாம் பட்டறை வழக்கம். தட்டை நிலமானாலும் அந்த மேடு வந்துவிடும். பிரெஞ்சு செதுக்கோவியர் ஜாக் கல்லோ செய்த, நெதர்லாந்தின் பிரெடா நகர முற்றுகைப் படம் 6 தகடுகள், சேர்த்தால் ஒரே காட்சி. இந்த முறைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

செம்புப்பட்டறை:
தூரம் எப்படித் தெரிகிறது என்பதையும் காட்டுங்கள், அழகே அதில்தான். வார்னிஷ் பூசிய செம்பில் ஊசியால் கீறி அமிலம் விடுவார்கள். கீறிய கோட்டை மட்டும் அமிலம் அரிக்கும், அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி அச்செடுப்பார்கள். தூரத்துக் குன்றுகள் லேசாக அரித்ததும் அவற்றை மூடிவிட்டு, மற்ற இடங்களுக்குத் திரும்ப அமிலம். முன்னால் நிற்கும் குதிரைக்குப் பல சுற்று போகும், அதனால் கோடு ஆழமாகிக் கறுப்பாக விழும். பிரெஞ்சு செதுக்கோவியர் ஆப்ரஹாம் போஸ் 1645-ல் எழுதிய கையேட்டில், கெட்டி வார்னிஷ் பூசிய தகட்டில் விடவேண்டிய அமிலக் கலவை இருக்கிறது: காடி, நவச்சாரம், உப்பு, செம்புக் களிம்பு. குறுக்குக் கோடுகள் ரொம்ப நெருங்கினால் இடையிலுள்ள வார்னிஷ் பெயர்ந்துவிடும். பள்ளம் அகன்று, துடைக்கும்போது மையும் வந்துவிடுவதால், கறுப்பாக வேண்டிய நிழல் சாம்பலாகிவிடும். வானத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் வார்னிஷ் விரிசல் விட்டிருக்கிறது.

தேவனாம்பட்டினம்:
இன்னொன்று, அச்சில் இடம் வலம் மாறும். மூல வரைபடத்தைத் திருப்பாமல் தகட்டில் ஏற்றியிருந்தால் வீரர்கள் எல்லாரும் இடக்கையில் வாள் பிடிப்பார்கள். புதுச்சேரிப் படத்தில் வடக்கு மேலே என்றால் கடல் வலப்பக்கம் வரவேண்டும். கடலிலிருந்து பார்த்ததுபோல மேற்கை மேலே வைத்தும் வரைவதுண்டு, அதனால் முதலில் திசைக்குறியைப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை:
நன்றி சார். போரின் கொடுமையைக் காட்ட எது?

செம்புப்பட்டறை:
கல்லோவின் 1633 தொடர் ‘போரின் துயரங்கள்’, 18 படங்கள். தூக்கிலிடும் படத்தை விட்டுவிடாதீர்கள்: ஒரே மரத்தில் வரிசையாகத் தொங்குகிறார்கள், ஏணியில் பாதிரியார், மரத்தடியில் முரசின்மேல் பகடை உருட்டுகிறார்கள். தொங்குபவர்கள் கொள்ளையடித்துப் பிடிபட்ட சிப்பாய்கள். படம் சுமார் 8 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம்தான். பெரிதாக்கி ஒட்டுங்கள், கூடவே அசல் அளவுப் பிரதியும் ஒரு பூதக்கண்ணாடியும் வையுங்கள்.