கலைச்சொல் உதவி: வளைகுடாப் போர் நோய், ‘எக்ஸ்போஷர்’ (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, தொழில்சார் மருத்துவப் பாடநூல் ஒன்றின் கடைசி இயலில் நிற்கிறேன். 1991 வளைகுடாப் போருக்குப் போன அமெரிக்கப் படையினரைப் பற்றியது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் போனார்கள். அவர்களில் நாலில் ஒருவருக்காவது தீராத அசதி, மூட்டுவலி, நினைவுத் தடுமாற்றம், வயிற்றுக் கோளாறு. ‘டாக்சிக் எக்ஸ்போஷர்’ (நச்சுப் பொருளோடு உடலுக்குத் தொடர்பு நேர்வது), ‘அன்எக்ஸ்ப்ளெய்ண்ட் இல்னஸ்’ (இன்ன காரணம் என்று விளக்கப்படாத நோய்) இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. எக்ஸ்போஷருக்கு முந்தைய இயல்களில் ‘வெளிப்பாடு’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

மருத்துவர் எழுதியது:

‘வெளிப்பாடு’ வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது வெளியே வந்தால்தான் வெளிப்பாடு. சரின் என்ற நரம்பு நச்சு வாயு வீரனின் உடலிலிருந்தா வெளிப்பட்டது? தவிர, ‘மரபணு வெளிப்பாடு’ (ஜீன் எக்ஸ்பிரஷன்) என்பது ஊன்றிவிட்ட சொல். இந்த நோய்க்கு மரபணுப் பக்கமும் உண்டு. பான்1 மரபணுவின் ஒரு வகை சரினை நன்றாகச் சிதைக்கும், இன்னொரு வகை அவ்வளவு சிதைக்காது. இரண்டாம் வகை உள்ளவர்களுக்குச் சரினால் வந்த ஆபத்து கூடுதல் என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே பத்தியில் இரண்டு ‘வெளிப்பாடு’ வந்தால் மாணவர் என்ன செய்வார்?

‘நச்சேற்றம்’ என்றும் எழுதிவிடாதீர்கள். அது நஞ்சு ஏறி உடல் கெட்ட நிலை. 1991 மார்ச்சில் ஈராக்கின் கமிசியாவில் ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் படை தகர்த்தது. உள்ளே சரினும் சைக்ளோசரினும் அடைத்த ராக்கெட்டுகள் இருந்தன. அந்தப் புகை ஏறத்தாழ 1 லட்சம் வீரர்கள் இருந்த பகுதியைத் தொட்டிருக்கலாம் என்று பென்டகனே பின்னாளில் கணித்தது. அத்தனை பேரும் நோயாளிகள் ஆகவில்லை. நஞ்சு பட்டவர் வேறு, பாதிக்கப்பட்டவர் வேறு. இந்த வேறுபாட்டைச் சொல் காட்டாவிட்டால் ஆய்வே நடத்த முடியாது.

புலவர் ஐயா எழுதியது:

மருத்துவர் தம்மை அறியாமலே விடையைச் சொல்லிவிட்டார்: ‘நஞ்சு பட்டவர்’. படுதல் நல்ல வினை. வெயில் படும், தூசி படும், கண் படும். ஆனால் இதை ‘நச்சுப்படுதல்’ என்று தொகையாக்கினால் இடறுவோம். நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அந்த நச்சுதான். ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ (குறள் 1008) என்பதில் விருப்பமும் நஞ்சும் ஒரே ஒலியில் மோதுகின்றன. எனவே நான் ‘விடமுறல்’ என்பேன். ‘விடம்’ வடசொல் என்பார் உண்டு. விடு, விடர், விடம் என்று வேர் காட்டலாம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஆசிரியை எழுதியது:

ஐயா, வணக்கம். குறள் விளக்கம் அருமை. ஆனால் ‘விடமுறல்’ என்று கரும்பலகையில் எழுதினால் என் வகுப்பு ‘விடமாட்டேன்’ என்பதோடு சேர்த்துப் படிக்கும். ‘நச்சு’ என்றதும் விருப்பம் நினைவுக்கு வருவது உங்களுக்கும் எனக்கும்தான். வயலில் மருந்தடிக்கிறவர்கள் ‘மருந்து மேலே பட்டுவிட்டது’ என்கிறார்கள். அதையே எடுத்துக்கொண்டால் என்ன? ‘நச்சுப்பொருள் படுதல்’. நீளம்தான். புரிகிறது.

முன்னாள் படைவீரர் எழுதியது:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘படுதல்’ என்றால் தானாக வந்து பட்டது போலிருக்கிறது. எண்ணெய்க் கிணறுகளின் புகைக்கு அது சரி. குவைத்தில் 600க்கு மேற்பட்ட கிணறுகள் எரிந்தன, ஊதைக்காற்று போல அது எல்லாரையும் தொட்டது. மாத்திரை அப்படியா? நரம்பு நச்சுக்கு முன்காப்பு என்று பிரிடோஸ்டிக்மைன் புரோமைடை 8 மணிக்கு ஒன்றாக விழுங்கச் சொன்னார்கள். படையில் அது கட்டளை. சீருடையில் பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லி, தோலில் டீட் பூச்சிவிரட்டி. காரணம் என்று சொல்லப் போதிய சான்று இருப்பவை இந்த மாத்திரையும் பூச்சிக்கொல்லிகளும்தான் என்று 2008இல் அமெரிக்க அரசு அமைத்த ஆலோசனைக் குழுவே அறிக்கை தந்தது. கொடுத்ததைக் ‘கொடுத்தார்கள்’ என்று எழுதுங்கள். தானாகப் பட்டதையும் கொடுத்ததையும் ஆங்கிலச் சொல் ஒரே போர்வைக்குள் போடுகிறது. தமிழில் படு, படுத்து என்று பிரிக்க வழியிருக்கும்போது நாமும் ஏன் மூட வேண்டும்?

மருத்துவர் எழுதியது:

ஏற்கிறேன். கலைச்சொல் ஒன்று இருக்கட்டும், வாக்கியத்தில் செய்தவர் யார் என்பது தெரியட்டும்.

அடுத்த சொல்லுக்கு வருவோம். ‘அன்எக்ஸ்ப்ளெய்ண்ட் இல்னஸ்’ என்பதைக் ‘காரணமற்ற நோய்’ என்று முந்தைய மடல் ஒன்றில் கண்டேன். அது பெரும் அநியாயம். ‘எல்லாம் மன அழுத்தம்தான்’ என்று இந்த வீரர்களைப் பல ஆண்டுகள் திருப்பி அனுப்பினார்கள். காரணமற்றது என்றால் அதற்கு நாமும் முத்திரை குத்துகிறோம்.

புலவர் ஐயா எழுதியது:

‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்று வள்ளுவர் வழி காட்டியிருக்கிறாரே. நோய்முதல்தான் காரணம். ‘முதலறியாப் பிணி’ என்க. பிணித்தல் கட்டுதல், 30 ஆண்டுகளாக ஆளைக் கட்டிப்போட்ட ஒன்றுக்குப் பிணியைவிடப் பொருத்தமான பெயர் எது?

ஆசிரியை எழுதியது:

பிணி அழகு, மறுக்கவில்லை. ஆனால் ‘முதல்’ இன்று முதலீட்டுக்குப் போய்விட்டது ஐயா.

முன்னாள் படைவீரர் எழுதியது:

‘அறியா’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. யார் அறியவில்லை? அந்த 2008 அறிக்கைக்குப் பிறகுமா? 2014இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பே ‘வளைகுடாப் போர் நோய்’ என்று நேராக அழைக்கச் சொல்லிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூலத்தில் ‘அன்எக்ஸ்ப்ளெய்ண்ட்’ என்ற அடைமொழி இருக்கும் இடங்களில் அதை நான் நீக்க முடியாது, அங்கே ‘காரணம் உறுதிப்படாத நோய்’. மற்ற இடங்களில் ‘வளைகுடாப் போர் நோய்’ மட்டும். எக்ஸ்போஷருக்கு ‘நச்சுப்பொருள் படுதல்’. மாத்திரை வரும் பத்திகளில் ‘உட்கொள்ள வைத்தல்’. ‘நச்சுப்பட்டோர்’ என்ற சுருக்கத்தை அட்டவணைத் தலைப்பில் மட்டும் வைக்கிறேன், இடமில்லை. பெரும்பாலோர் இதற்கு உடன்படுவதாகவே எடுத்துக்கொள்கிறேன். கோப்பை இன்றிரவு அனுப்புகிறேன்.

புலவர் ஐயா எழுதியது:

அட்டவணைத் தலைப்பில்தான் மாணவர் முதலில் கண் வைப்பார். அங்கேயே ‘நச்சுப்பட்டோர்’ என்றால் விரும்பப்பட்டோர் என்று படிக்க இடம் உண்டு. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘விடம்’ பற்றிய மடல் நாளை வரும்.