நூலகம் எப்படி வாங்குகிறது, எப்படிக் கழிக்கிறது: இல்லினாய்க்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

சிகாகோ புறநகர்ப் பக்கம் குடியேறுகிறவர்கள் முதல் மாதத்திலேயே இரண்டு கேள்வி கேட்பார்கள். மேசை நாற்காலி மலிவாக எங்கே கிடைக்கும்? பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்? இரண்டுக்கும் நான் கை காட்டும் இடம் உங்கள் ஊர் நூலகம்தான்.

இங்கே பல ஊர்களில் நூலகம் நகராட்சிக்குக் கீழே வராது. 'லைப்ரரி டிஸ்ட்ரிக்ட்' என்று தனி அமைப்பு, தனி எல்லை, தனி வரி. அரோராவிலும் போலிங்புரூக்கிலும் அப்படித்தான். பக்கத்து நேப்பர்வில்லில் நகராட்சி நூலகம். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள் அல்லவா, இங்கும் சொத்துவரிச் சீட்டில் நூலகத்துக்கென்று ஒரு வரி தனியாக இருக்கும். லைப்ரரி டிஸ்ட்ரிக்டில் அந்தப் பணத்துக்குப் பொறுப்பு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஏழு அறங்காவலர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாடகை வீட்டில் இருக்கிறோமே, நமக்கு என்ன உரிமை என்று கூச்சப்படாதீர்கள். நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள் அந்த வரியும் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு அடையாள அட்டையையும் காட்டினால் கார்டு கிடைக்கும்.

கூரை மாற்றுவது, குளிர்சாதனம் போடுவது மாதிரி பெரிய வேலைகளுக்கு விளம்பரம் கொடுத்து டெண்டர் வாங்குவார்கள். குறைந்த விலை சொன்னால் மட்டும் போதாது. வேலையை ஒழுங்காக முடிக்கக்கூடிய ஆள்தானா என்றும் பார்ப்பார்கள். சொந்தமாகச் சிறு தொழில் செய்கிறவர்கள் நூலகத்தின் இணையதளத்தில் அந்த அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்கள்.

புத்தக விஷயம் வேறு. தலைப்புத் தலைப்பாக டெண்டர் கிடையாது, நூலகர்களே தேர்வு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் பதிப்பாளர்கள் 'லைப்ரரி ஆர்டர்', அதாவது அரசு நூலகங்களுக்கான மொத்தக் கொள்முதல், எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். இங்கே வாசகரே 'இந்தப் புத்தகத்தை வாங்குங்கள்' என்று படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். தமிழ் தெரியாத ஒருவர்தான் அதைப் படிக்கப் போகிறார் என்பதை மனதில் வைத்து நிரப்புங்கள். ஐஎஸ்பிஎன் எண், பதிப்பகம், எங்கே வாங்கலாம், எந்த வயதினருக்கு, எல்லாம் எழுதுங்கள். 'தமிழ்ப் புத்தகம் வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்டால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

கேட்பதற்கு முன், ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இங்கே நம்மில் பாதிப் பேர் ஏமாந்துவிடுகிறோம். நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு தனி முறை உண்டு. 'க' எங்கே வந்தாலும் கே, 'ச'வுக்கு எஸ் இல்லை, சி. 'த'வுக்கு எச் சேர்க்காத வெறும் டி (T). 'ழ'வுக்கு அடிக்கோடு போட்ட எல். ஆக 'கதைகள்' என்று தேட வேண்டுமானால் கே, ஏ, டி, ஏ, ஐ, கே, ஏ, எல் (kataikal). நாம் செல்பேசியில் அடிக்கிற மாதிரி அடித்தால் ஒன்றும் வராது; புத்தகமோ அலமாரியில் இருக்கும்.

சரி, மேசை நாற்காலிக்கு வருவோம். நூலகம் ஒரு பொருளை நினைத்தபடி தூக்கி வெளியே போட முடியாது. இல்லினாய் சட்டப்படி, இது இனித் தேவையில்லை என்று அறங்காவலர் குழு முடிவெடுக்க வேண்டும். ஒரு பொருளின் மதிப்பு 1,000 டாலருக்குள் இருந்தால் குழு தன் விருப்பப்படி கழிக்கலாம். 1,000க்கு மேல் 2,500க்குள் என்றால் நூலகத்திலேயே பார்வைக்கு வைத்து அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதற்கும் மேல் போனால் செய்தித்தாளில் இரண்டு வாரம் விளம்பரம். வரிப்பணத்தில் நடக்கும் வேறொரு நூலகத்துக்கு என்றால் எந்த மதிப்புள்ள பொருளையும் தானமாகவே கொடுக்கலாம். அறங்காவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் இதில் சலுகை காட்டக் கூடாது. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நமக்கு வேண்டிய நாற்காலி, அலமாரி எல்லாம் பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும். கூட்ட நிகழ்ச்சி நிரலை 48 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும் என்பது சட்டம். அதில் 'சர்ப்ளஸ்' (surplus, இனித் தேவைப்படாத பொருள்) என்ற சொல்லைத் தேடுங்கள். யார் வேண்டுமானாலும் கூட்டத்துக்குப் போகலாம், பேசலாம், குடியுரிமை தேவையில்லை. வாங்கினால் இருக்கிற நிலையில்தான் கொடுப்பார்கள், திருப்ப முடியாது. ஆட்டிப் பாருங்கள், அளவெடுங்கள், வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

கழிக்கிற புத்தகங்களைப் பெரும்பாலும் நூலக நண்பர்கள் குழு விற்கும். கடைசி நாளில் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு ஒரே விலை கொடுத்தால் போதும் என்பார்கள். (மின்னூலில் இந்தப் பேச்சே இல்லை. பெரிய பதிப்பகங்களுடையதை நூலகம் காலக்கெடு வைத்த உரிமமாகத்தான் வாங்குகிறது. கெடு முடிந்தால் போயிற்று.)

அப்படி ஒரு விற்பனை வண்டியில்தான் அந்தத் தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்தேன். சிறுவர் கதைத் தொகுப்பு, கெட்டி அட்டை. பார்கோடு மேல் கறுப்பு மையில் ஒரு கோடு, முதல் பக்கத்தில் 'கழிக்கப்பட்டது' என்ற முத்திரை. விலை ஒரு டாலர். தாள் ஒன்றுகூட மடங்கியிருக்கவில்லை. மனசு கேட்காமல் நூலகரிடம் போய்க் கேட்டேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். வாங்கி ஆறு வருடத்தில் இரண்டே முறைதான் வெளியே போயிருந்தது. நம்மில் யாரோ ஒருவர் கேட்டுத்தான் அதை வாங்கியிருப்பார்கள்.

நூலகத்தில் களையெடுப்பு ஆண்டுதோறும் நடக்கும், எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதும் அப்போது கணக்கு. அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு அலமாரியில் திருப்பி வைத்தால் அந்தக் கணக்கில் ஏறாது. கார்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். எங்கள் தெருவில் நான்கு குடும்பம் சேர்ந்து தமிழ் அலமாரியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு தட்டு, மாதம் மூன்று புத்தகம். இந்த மாதம் என் தட்டு கீழிருந்து இரண்டாவது.