மறு: வளைந்த கோட்டில் துணி சேர்ப்பதற்கு என்ன சொல்? – ‘வளைமூட்டு’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். குவில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, அதன் செய்முறைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடி வருகிறோம். வளைந்த கோட்டில் துண்டுகளைச் சேர்ப்பதற்கு ‘வளைமூட்டு’ என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘வளைவு ஒட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, அம்மா. ‘ஒட்டு’ எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல் என்பதால்தான் தயங்குகிறேன், ஐயா. நம் வீடுகளில் ஒட்டுப் போடுவது என்றால் கிழிசலின் மேல் வேறு துணியை வைத்துச் சுற்றிலும் தைப்பது. கீழே ஒரு துணி, மேலே ஒரு துணி. தேரில் தொங்கும் தொம்பைகளில் உருவங்களை வெட்டி வைத்துத் தைப்பதும் அந்த வகைதான். குவில்ட்டின் மேல்துணி அப்படி உருவாவதில்லை. அங்கே ஒரு துண்டின் ஓரமும் அடுத்த துண்டின் ஓரமும் சேர்கின்றன. எதுவும் எதன் மேலும் உட்காருவதில்லை. குவில்ட் வேலையில் இரண்டு முறைகளும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் செய்முறையின் முதல் வரியிலேயே படிப்பவர் தடுமாறுவார்.

எனக்குச் சொல் கிடைத்தது தையல் கடை வாசலில். புதுக் கைலி வாங்கியவர் அதைத் தையற்காரரிடம் கொடுத்து மூட்டித் தரச் சொல்கிறார். இரண்டு ஓரங்களைச் சேர்த்து ஒரு தையல் ஓட்டினால் கைலி மூட்டியாகிவிட்டது. சாக்கின் வாயையும் மூட்டுகிறோம். ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைப்பது என்ற பொருள் அந்த வினையில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் புதிதாக ஏற்ற வேண்டியது எதுவுமில்லை. ஆகவே துண்டுகளைச் சேர்ப்பது மூட்டுதல், வளைந்த கோட்டில் சேர்ப்பது வளைமூட்டு. வாக்கியத்தில் வினையாக வரும்போது ‘வளைத்து மூட்டவும்’ என்று எழுதலாம்.

> ‘மூட்டு’ என்றால் முழங்கால் வலிதான் நினைவுக்கு வருகிறது.

எலும்பும் எலும்பும் சேரும் இடம் மூட்டு. மரமும் மரமும் சேரும் இடத்தையும் தச்சர்கள் மூட்டு என்கிறார்கள். துணிக்கு மட்டும் ஏன் கூடாது? பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைத் தெளிவாக்கிவிடும்.

> வட்டத்தின் ஒரு பகுதியைப் பள்ளிக் கணக்கில் வில் என்கிறோம். ‘வில்மூட்டு’ இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான். ஒரு வாரம் என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதினேன். குவில்ட்டின் மேல்துணியில் அடுக்கிச் சேர்க்கும் சதுரத்தைக் கட்டம் என்கிறோம். அமெரிக்கக் குவில்ட் மரபில் ‘குடிகாரன் பாதை’ என்றொரு பழைய கட்டம் உண்டு. சதுரத்தின் ஒரு மூலையில் கால்வட்டம், அவ்வளவே. அந்தக் கட்டத்தைப் பல விதமாகத் திருப்பி அடுக்கினால் தள்ளாடிச் செல்லும் பாதை தோன்றும். அதற்கு ‘வில்மூட்டு’ கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் சென்ற மாதம் நானே ஒரு கட்டம் வடிவமைக்க உட்கார்ந்தேன். எட்டு அங்குலச் சதுரம். இடப்பக்க ஓரத்தில் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் கோடு புறப்பட்டு, மெல்ல மேலேறி, வலப்பக்க ஓரத்தில் ஆறு அங்குல உயரத்தில் போய்ச் சேர வேண்டும். முதலில் ஓரத்தைச் சாய்வாகத் தொடும்படி வரைந்துவிட்டேன். இரண்டு கட்டங்களைப் பக்கத்தில் வைத்தபோது சந்திப்பில் கோடு முறிந்து கூரை முகடுபோல் நின்றது. ஓரத்தைச் செங்குத்தாகத் தொடும்படி திருத்தியதும் அலை நிற்காமல் ஓடியது. ஒன்று விட்டு ஒன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். துண்டை எத்தனை முறை சுழற்றினாலும் அது கிடைக்காது, அட்டை அச்சைப் புரட்டிப் போட்டு வெட்ட வேண்டும்.

இந்தக் கோடு வில் அன்று. பாதி வழி வரை ஒரு பக்கம் வளைந்து, நடுவில் மறுபக்கம் திரும்புகிறது. கலைச்சொல் கால்வட்டத்தோடு நின்றுவிட்டால், நாளை புதிதாக வரைபவர் மறுபடி சொல் தேட வேண்டியிருக்கும். ‘வளை’ இரண்டையும் தாங்கும்.

இதே கட்டம் இன்னொரு சிக்கலையும் காட்டிக்கொடுத்தது. இரண்டு துண்டுகளுக்கும் குழிதுண்டு, குவிதுண்டு என்று பெயர் வைக்கலாம் என முன்பு எழுதியிருந்தேன். குழியாடி, குவியாடி படித்த எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தேன். என் கட்டத்தில் கீழ்த்துண்டு இடப்பாதியில் குழிந்தும் வலப்பாதியில் குவிந்தும் இருக்கிறது. அதை எந்தப் பெயரால் அழைப்பது? எனவே அந்த முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். பெயர் துண்டுக்கு வேண்டாம், ஓரத்துக்கு இருக்கட்டும்: குழியோரம், குவியோரம்.

தைக்கும் கைக்கும் அந்த வேறுபாடுதான் தேவை. ஆறு அங்குலக் கட்டத்தில் தையல் கோட்டின் ஆரம் நான்கு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வட்டக் கோடு 6.28 அங்குலம். தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்டினால் குவியோரம் 6.68 அங்குலமாகவும் குழியோரம் 5.89 அங்குலமாகவும் இருக்கும். முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் வித்தியாசம். ஆரத்தை மாற்றினாலும் கால்வட்டத்துக்கு இதே வித்தியாசம்தான். அதனால்தான் குழியோரத்தில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து விரிய விடுகிறோம். ரவிக்கையில் கை வளைவோடு கையைச் சேர்க்கும்போதும் இதையேதான் செய்கிறோம். என் அலைக் கட்டத்தில் மொத்த நீளத்தை அளந்தால் இரண்டு ஓரமும் சமம். அதை நம்பி நடுவில் ஊசி குத்தாமல் தைத்தேன். பிரித்துப் பார்த்தால் ஒரு பாதியில் சுருக்கம், மறுபாதியில் இழுப்பு. இப்போது இரண்டையும் மடித்து நடுவை நகத்தால் கீறி, அங்கே முதல் குண்டூசியைக் குத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன். செய்முறையில் இப்படி எழுதலாம்: ‘நடுக்குறிகளைப் பொருத்தவும். குழியோரங்களில் மட்டும் அரைக்கால் அங்குல ஆழத்துக்கு வெட்டுக் கொடுக்கவும். வளைத்து மூட்டவும்.’ மூன்று வரி. தையல் தெரிந்த எவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

‘கட்டம்’ பற்றி யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இழைக்குக் குறுக்காக, சாய்வாக வெட்டிய துணிக்குத் தையற்காரர்களின் ‘கிராஸ்’ போதும். கிராஸ் பட்டி தெரியாத ரவிக்கைக் கடை இல்லை. மீதமிருப்பது அந்தச் சின்ன வெட்டுகளுக்கான பெயர். நான் விசாரித்த இரண்டு கடைகளிலும் ‘கட் கொடுப்பது’ என்றுதான் சொன்னார்கள். உங்கள் ஊரில் கழுத்து வளைவு தைக்கும்போது அதற்கு வேறு சொல் புழங்குகிறதா? கேட்டு எழுதுங்கள்.