கல்விக் கட்டணம் தவிர்த்த செலவுகளை எப்படி மதிப்பிடுவது?

முல்லைக்கொடி எழுதியது:

வணக்கம். என் தம்பி இந்த ஆண்டு நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரவிருக்கிறான். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. தினமும் போய்வரலாம், ஆனால் கட்டணம் அதிகம். மற்றொன்று வெளியூரில் இருக்கிறது. கட்டணம் அதில் பாதிதான் என்றாலும் விடுதியில் தங்கியாக வேண்டும். அப்பா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுவதால் கணக்குப் போடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

நான் செய்தது இவ்வளவுதான்: கட்டணத் தாளில் இருந்த கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கூட்டி நான்கால் பெருக்கினேன். அருகிலுள்ள கல்லூரியின் ஓராண்டுக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டால், நான்கு ஆண்டுகளுக்கு அங்கே 400, வெளியூரில் 360 வருகிறது. அதன்படி வெளியூர்க் கல்லூரியே மலிவு. ஆனால் தாளின் அடியில், 'பிற கட்டணங்கள் அவ்வப்போது அறிவிக்கப்படும்' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கும், அதற்கும் வெளியே நான் எதையெல்லாம் விட்டிருக்கிறேன் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய கணக்காளர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெற்றோர்கள் எங்கள் சன்னலுக்கு வந்து கோபப்படுவது பெரும்பாலும் கல்விக் கட்டணத்துக்காக அல்ல. அது முன்பே தெரிந்த தொகை. ஆய்வகம், நூலகம், தேர்வு, காப்பீடு, மாணவர் சங்கம், கடைசி ஆண்டில் பட்டமளிப்பு என்று சில்லறை சில்லறையாக வருபவைதான் கையைக் கடிக்கும்.

ஆகவே நான்கால் பெருக்குவதை விட்டுவிட்டு, நாள்காட்டியை வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சேரும் மாதம் முதல் படிப்பு முடியும் மாதம் வரை 48 கட்டங்கள் வரைந்து, எந்தச் செலவு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு கட்டங்களும் ஒவ்வொரு பருவத் தொடக்கமும் வீங்கியிருக்கும். நடுவிலுள்ள மாதங்கள் ஒல்லியாக இருக்கும். மொத்தத் தொகை சரியாக இருந்தும் குடும்பங்கள் அவசரக் கடன் வாங்குவது இந்த வீக்கத்தை எதிர்பார்க்காததால்தான்.

காப்புத்தொகை திரும்ப வருமென்பதால் அதைச் செலவில் சேர்க்க வேண்டாம் என்று சொல்வார்கள். திரும்ப வரும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் வட்டியில்லாமல், உடைந்த நாற்காலிக்கும் தொலைந்த புத்தகத்துக்கும் பிடித்தது போக, 48-ஆம் கட்டத்துக்குப் பிறகு வரும். முதல் கட்டத்தில் அது உங்கள் கையிலிருந்து போகும் பணம்தான். அதன் ரசீதைத் தம்பியிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் அறை வாடகை எத்தனை மாதத்துக்கு, உணவு எத்தனை மாதத்துக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பத்து மாதத்துக்கான தொகையை ஆண்டுக் கட்டணம் என்று அச்சிட்டு, விடுமுறையில் தங்குவோரிடம் தனியே வசூலிக்கும் விடுதிகள் உண்டு. மாதச் சமையல் செலவு முழுவதையும் எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, அவரவர் நாட்களுக்கு ஏற்பப் பங்கிடும் முறை இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். ஆள் குறைந்தாலும் சமையல்காரரின் சம்பளம் குறையாது. பாதிப் பேர் ஊருக்குப் போன மாதத்தில் அது மீதிப் பேரின் தலையில் ஏறும். ஊருக்குப் போயிருந்த நாட்களுக்குக் கழிவு உண்டா, குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து போயிருந்தால் கிடைக்கும் என்பதையும் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி எழுதியது:

கணக்காளர் ஐயா சொன்னவை அலுவலகத்தின் சன்னல் வழியே தெரியும் செலவுகள். விடுதியின் மூன்றாம் மாடியில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுச் சென்ற ஆண்டுதான் படிப்பை முடித்தவன் என்பதால், எந்த ரசீதிலும் வராதவற்றை நான் சொல்கிறேன்.

முதல் மாதத்தில் மெத்தை, வாளி, பூட்டு, மேசை விளக்கு என்று வாங்கியவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாதது இது: என்னிடம் ஏற்கெனவே மடிக்கணினி இருந்ததால் அந்தச் செலவு மிச்சம் என்று வீட்டில் நினைத்தோம். மூன்றாம் பருவத்தில் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடவில்லை. அந்தத் துறையில் தற்போது இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், பழையதை நம்பிப் போயிருக்க மாட்டேன். கடைசிப் பருவத்தில் திட்ட அறிக்கையை நான்கு படிகள் அச்சிட்டு அட்டை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தில் துறையின் பெயர் பிழையாக இருக்கிறதென்று வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். அட்டையைப் பிரித்து நான்கையும் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. தொகை சிறிதுதான், ஆனால் அந்த வாரத்தில் என்னிடம் அதுவும் இல்லை.

பெரிய அடி, பயிற்சிக்காக வேறொரு நகரத்தில் இரண்டு மாதம் இருந்தபோது விழுந்தது. ஊதியம் இல்லாத பயிற்சி. அங்கே அறை வாடகை கொடுத்தேன். இங்கே விடுதி அறையைக் காலி செய்தால் மறுபடி இடம் கிடைக்காது என்பதால் இதற்கும் வாடகை ஓடியது. பாடத்திட்டத்தில் பயிற்சி கட்டாயமா, எந்தப் பருவத்தில் வருகிறது என்று பார்த்து, அந்தக் கட்டங்களில் இரட்டை வாடகை எழுதிவையுங்கள். ஒரு தாளில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம் மட்டுமே செலவு என்று நினைக்க வேண்டாம். படிப்பே ஒரு பருவம் நீண்டுவிட்டால் விடுதி, உணவு, பயணம் எல்லாம் கூடவே நீளும்.

இன்னொன்று. வீட்டில் கேட்கக் கூசிக்கொண்டு மாணவர்கள் நண்பர்களிடம் கடன் வாங்கிச் சமாளிக்கும் செலவு எந்தப் பெற்றோரின் கணக்கிலும் வருவதில்லை. முதல் மாதம் முழுவதும் தம்பியை ஒரு நோட்டில் ஒவ்வொரு செலவையும் எழுதச் சொல்லுங்கள். அதைப் படித்துக் கண்டிக்க மாட்டேன் என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னால்தான் அவர் உண்மையை எழுதுவார்.

வட்டிக்கணக்கு எழுதியது:

முதலாண்டுத் தொகையை நான்கால் பெருக்குவதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஒரு கட்டணம் முதலாண்டில் 100 ஆக இருந்து ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறினால், அடுத்த ஆண்டுகளில் 108, 116.6, 126 என்று போய், நான்காண்டுக் கூட்டுத்தொகை ஏறக்குறைய 451 ஆகும். நீங்கள் எழுதிய 400-ஐவிட 51 அதிகம். அதாவது அரை ஆண்டுக் கட்டணம் துண்டு விழும். கல்விக் கட்டணத்தைச் சேரும்போதே நான்கு ஆண்டுகளுக்கும் நிலையாக வைக்கும் கல்லூரிகள் இருக்கலாம், அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விடுதிக்கும் உணவுக்கும் அத்தகைய வாக்குறுதியை நம்ப வேண்டாம்.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 100 வீதம் 10 விழுக்காடு தனிவட்டிக்கு எடுத்து, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது என்று கொள்வோம். முதல் 100-க்கு ஐந்து ஆண்டு வட்டி 50, அடுத்தடுத்தவற்றுக்கு 40, 30, 20. முதல் தவணை கட்டும் முன்பே 400 என்பது 540 ஆகிவிடும். கூட்டுவட்டியானால் 562-ஐ நெருங்கும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டுமாவது கட்டிவர முடியுமானால், அந்த மாதத் தொகையையும் கட்டங்களில் எழுதுங்கள்.

உதவித்தொகையை வரவாக எழுதும்போது, அது வரும் மாதத்தில் எழுதுங்கள். முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு பெறும் வகையில் அது இருக்கலாம். மதிப்பெண் குறைந்தால் நின்றும் போகலாம்.

கணக்காளர் ஐயாவின் முறையில் ஒரு திருத்தமும் சொல்ல விரும்புகிறேன். வெளியூர் உணவுச் செலவு முழுவதையும் படிப்பின் கணக்கில் எழுதுவது சரியல்ல. தம்பி வீட்டிலிருந்தாலும் சாப்பிடத்தானே போகிறார்? வீட்டில் குறையும் தொகையைக் கழித்துவிட்டு மீதியை எழுதுங்கள். ஆனால் வீட்டு வாடகை ஒருவர் போனதால் குறையாது, அதைக் கழித்துவிடாதீர்கள்.

பழைய கணக்காளர் எழுதியது:

இரண்டு கல்லூரிகளை ஒப்பிடுவதற்கு அந்தத் திருத்தம் சரி, ஒப்புக்கொள்கிறேன். மாதாமாதம் எவ்வளவு பணம் புரட்ட வேண்டும் என்று பார்க்கும்போது மட்டும் முழுத் தொகையையே எழுதுங்கள். விடுதி அலுவலகம் கழிவு பார்த்து வாங்காது.

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு 48 கட்டங்களையும் வரைந்துவிட்டேன். அருகிலுள்ள கல்லூரி, கட்டணம் ஏறாது என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறது. அதனால் அங்கே 400, அதோடு பயணம், மதிய உணவு, புத்தகம் முதலியவற்றுக்கு 48. வெளியூரிலும் கல்விக் கட்டணம் மாறாது என்று எழுத்தில் தந்துவிட்டார்கள், அது 200. விடுதியும் உணவும் ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறுமென்று வைத்தால் 160 என்று நான் எழுதியிருந்தது 180 ஆகிறது. வீட்டில் குறைவதைக் கழித்த பிறகும், இரட்டை வாடகை, ஊருக்கு வந்துபோகும் செலவு, கைச்செலவு எல்லாம் சேர்ந்து 63. ஆக 448-க்கு 443. எனக்கு 40 ஆகத் தெரிந்த வித்தியாசம் 5 ஆகச் சுருங்கிவிட்டது.

பணத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றான பிறகு இன்னொரு கணக்கும் போட்டேன். தினமும் போகவர நான்கு மணி நேரம் என்றால், 200 கல்லூரி நாட்களுக்கு ஆண்டுக்கு 800 மணி நேரம் பேருந்திலேயே கழியும். தம்பியிடம் தாளைக் காட்டினேன். அவன் அந்த 800-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, வெளியூர் விடுதியில் அறை எத்தனை மாதத்துக்கு என்று கேட்க அலுவலகத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறான்.