ஜான் டேவிஸ் காலத்துக் குறுக்குக்கோல்: தச்சு வேலை தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம் நண்பர்களே. 1585 முதல் 1587 வரை மூன்று முறை அமெரிக்காவுக்கு வடக்கே ஆசியாவுக்குப் போகும் வடமேற்குக் கடல்வழி தேடிப் போன ஆங்கிலேய மாலுமி ஜான் டேவிஸ் காலத்து மாலுமிகள் கையாண்ட குறுக்குக்கோலை (கிராஸ் ஸ்டாஃப்: அடிவானத்திலிருந்து நட்சத்திரத்தின் உயரத்தைக் கோணமாக அளந்து, கப்பல் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று அறியும் கருவி), பள்ளிக் கண்காட்சிக்காக அளவு பிசகாமல் செய்ய வேண்டும்.

கோல் 90 செ.மீ., 1.5 செ.மீ. சதுரம். அதில் நகரும் குறுக்குச் சட்டம் 30 செ.மீ. கண் முனையிலிருந்து அளந்தால் 60 பாகைக்கு 26.0, 50-க்கு 32.2, 40-க்கு 41.2, 30-க்கு 56.0 செ.மீ.யில் கோடு விழும். இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் துருவ நட்சத்திரம் பார்க்க இது போதும். சென்னையில் அது 13 பாகை உயரம்தான். அதற்கு 10 செ.மீ. சட்டம் தனியாக வேண்டும், கோடு 43.9-இல்.

சிக்கல் இரண்டு. சட்டத்தின் துளையைக் கொஞ்சம் தளர்த்தினாலும் சட்டம் சாய்கிறது, இறுக்கினால் நகர மறுக்கிறது. துளைக்குள் பித்தளைத் தகடு வைக்கலாமா? மழைக்காலத்தில் உப்பாத மரம் எது, முற்றிய தேக்கா, ஈட்டியா?

அடுத்தது கண். கோலின் முனை கன்ன எலும்பில் பதிவதால் விழி 1 செ.மீ. பின்னால் போய்விட்டால், 40 பாகைக் கோட்டில் உண்மைக் கோணம் 39.1 தான். ஒரு பாகை 60 கடல் மைல் என்பதால், கடலில் அது 50 கடல் மைலுக்கு மேல் பிழை! முனையைச் சரியாக எங்கே பதிப்பது என்று செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொல்லுங்கள்.

பிள்ளைகள் இதை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. டேவிஸ் சூரியனுக்கு முதுகு காட்டி அளக்கும் கருவியை வடிவமைத்ததற்கு அந்தக் கண்கூச்சமும் ஒரு காரணம்.