‘வினாமுறை’ போதாது: சோக்கிரட்டீசின் மருத்துவிச்சிக்கு ஒரு தமிழ்ச் சொல்

அன்பர்களுக்கு வணக்கம். பண்டைய கிரேக்க மெய்யியலாளர் சோக்கிரட்டீஸ், விடையைத் தான் சொல்லாமல் கேள்வி கேட்டே மற்றவரிடமிருந்து வெளிக்கொணர்ந்த முறைக்கு ‘மையெயுத்திக்கே’ (மருத்துவிச்சிக் கலை) என்று பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த உரையாடலில் ஒருவர் எழுதியது:

> மையெயுத்திக்கே என்பதற்கு ‘வினாமுறை’ போதும். மாணவருக்கு எளிது.

எளிதுதான் ஐயா. ஆனால் ‘ஏழெட்டு எத்தனை?’ என்பதும் வினாதானே. அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய ‘தியடீட்டஸ்’ உரையாடலில் சோக்கிரட்டீஸ் சொல்வது வேறு. தன் தாய் மருத்துவிச்சி, தானும் அதே தொழில்தான் செய்கிறேன், நோவெடுப்பது மட்டும் உடலல்ல, மனம் என்கிறார். தன்னிடமிருந்து ஒரு ஞானமும் பிறப்பதில்லை என்கிறார். பிறந்தது உண்மைப் பிள்ளையா, வெறும் போலியா என்று சோதிப்பதே இந்தத் தொழிலின் பெரிய வேலை என்றும் சொல்கிறார். அறிவு என்றால் என்ன என்று தியடீட்டஸ் என்ற இளைஞன் பெற்றெடுத்த மூன்று விடைகளும் அங்கே கழிந்துபோகின்றன. ‘வினாமுறை’யில் இந்த நோவும் இல்லை, சோதனையும் இல்லை.

இங்கே அக்கா ஒருவர் தந்த ‘அகழ்முறை’ (தோண்டியெடுக்கும் முறை) எனக்கு மிகவும் பிடித்தது. கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தாருக்குத் ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’யை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஊறியது நன்னீரா உவரா என்று வாயில் விட்டுப் பார்ப்பதை அந்தச் சொல் சொல்லாது.

என் முன்மொழிவு: பேறுபார்ப்பு. மருத்துவிச்சியின் வேலையை எங்கள் பக்கத்தில் ‘பிள்ளைப்பேறு பார்க்கிறது’ என்றுதானே சொல்கிறோம். உடனிருந்து கவனிப்பதும் பார்ப்பதுதான், ஆராய்வதும் பார்ப்பதுதான். சோக்கிரட்டீசின் இரண்டு வேலையும் ஒரு வினைக்குள் அடங்கிவிடுகிறது.

போன தவணை தரம் 8 பிள்ளைகளோடு, பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் சோக்கிரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனுக்குக் கொடுத்த அதே கணக்கைச் செய்துபார்த்தேன். முற்றத்து மணலில் ஈரடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்று கீறி, இரட்டிப்புப் பரப்புள்ள சதுரம் கேட்டேன். “பக்கத்தை இரட்டிக்கலாம் சேர்” என்றாள் ஒருத்தி. கீறி எண்ணினாள். 8 சதுர அடி வரவேண்டிய இடத்தில் 16. மூன்றடிப் பக்கம் வைத்தாள், 9. விரல் மணலிலேயே நின்றது. வாய்வரை வந்த விடையை விழுங்கிக்கொண்டு, “இந்தச் சதுரத்தைப் பாதியாய் வெட்டுற கோடு எது?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே மூலைவிட்டத்தைக் கீறி, அதையே பக்கமாக வைத்தாள். அந்த நேரம் நான் செய்தது கற்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேறு பார்த்தேன், அவ்வளவுதான்.

‘பார்ப்பு’ என்றால் பழந்தமிழில் பறவைக் குஞ்சு என்று ஒருவர் எழுதக்கூடும். தொல்காப்பிய மரபியலில் இருப்பதுதான். மயக்கம் வருமென்றால் ‘பேறுபார்த்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். ஆசிரியரைப் ‘பேறுபார்ப்பவர்’ எனலாம். ‘பேறுபார்ப்பு’, ‘பேறுபார்த்தல்’ இரண்டில் எது பாடநூலுக்குப் பொருந்தும் என்று வகுப்பில் நிற்பவர்கள் எழுதுங்கள்.