இறகைத் தானே பிடுங்கும் காக்கட்டீல் கிளி: அனுபவமுள்ளோரின் ஆலோசனை வேண்டும்

அன்புடையீர், வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் நாங்கள் நான்கு ஆண்டுகளாக வளர்த்துவரும் காக்கட்டீல் கிளி, கடந்த ஆறு வாரங்களாகத் தன் நெஞ்சிலும் இறக்கைகளின் அடிப்புறத்திலும் உள்ள இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. அலகு எட்டாத தலையும் கொண்டையும் மட்டும் பழுதின்றி இருப்பதாலும், கூட்டில் வேறு பறவை இல்லாததாலும், இது இயல்பான இறகுதிர்ப்பு அன்று என்பது தெளிவு.

இங்குள்ள மிருக வைத்தியர் ஒருவர் உண்ணிக்கு மருந்து தந்தார், பலனில்லை. காக்கட்டீல்களில் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணியும் இந்தப் பழக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதால், எச்சத்தைப் பரிசோதிக்கும் வசதி கிழக்கு மாகாணத்தில் எங்குள்ளது என்று அறிய விரும்புகிறேன். கூட்டின் கம்பியில் நாகப்பூச்சு (துத்தநாகப் பூச்சு) உரிந்திருக்கிறது. அதைக் கொறிக்கும் பறவைக்கு நஞ்சேறலாம் என்பதால், துருப்பிடிக்காத எஃகுக் கூடு செய்துதருவோர் இருந்தால் தெரிவியுங்கள்.

எங்கள் தவறையும் மறைக்கவில்லை. இதுவரை சூரியகாந்தி விதையையே பெரும்பாலும் கொடுத்துவந்தோம்; அதில் உயிர்ச்சத்து ஏ மிகக் குறைவு. இப்போது துருவிய கரட்டும் முருங்கை இலையும் வைக்கிறோம், ஆனால் அது விதையை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதைச் சிதறடிக்கிறது (பிள்ளைகளைவிடப் பிடிவாதம்). மகள் படிப்புக்காக யாழ்ப்பாணம் சென்றபின் பகல் முழுவதும் தனிமையில் இருப்பதும், கச்சான் காற்றின் வறட்சியும் காரணமாகுமா? புதிய உணவுக்குப் பழக்கியவர்களும், அலகு இறகை எட்டாமல் தடுக்கும் கழுத்துப்பட்டை அணிவித்துப் பார்த்தவர்களும் தங்கள் அனுபவத்தைப் பகிருமாறு வேண்டுகிறேன்.